மேகம் மறைச்சாலும் கம்பம் வயல் தெரியும்: குட்டி ரேடார் செயற்கைக்கோள் நமக்கு எதுக்கு?

ஜூன் மாதம் முல்லைப் பெரியாறு தண்ணீர் திறந்தால், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முதல் போக நெல் வேலை தொடங்கும். அதே நேரம்தான் தென்மேற்குப் பருவமழை மேகமும் மலை மேல் வந்து உட்காரும். சாதாரண கேமரா செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் பல நாள் வயலே தெரியாது, வெள்ளையாக மேகம்தான் இருக்கும்.

ரேடார் செயற்கைக்கோளுக்கு வெயில் வேண்டாம். தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வர்றதை வச்சுப் படம் போடும். மேகமோ ராத்திரியோ தடையில்லை. தண்ணீர் தேங்கிய வயல், கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர அதே இடம் வெளுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் பரப்பைக் கணக்கிடப் பயன்படுத்தியது இந்த மாற்றத்தைத்தான்.

சரி, ஏன் 'குட்டி'? 2012-ல் இஸ்ரோ அனுப்பிய ரிசாட்-1 எடை 1,858 கிலோ. 2018 ஜனவரி 12-ல் ஃபின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனம் 100 கிலோவுக்கும் குறைவான ரேடார் செயற்கைக்கோளை அனுப்பியது. அதைச் சுமந்து போனது வேறு எதுவும் இல்லை, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய நம்ம பிஎஸ்எல்வி-சி40!

எடை குறைந்தால் செலவு குறையும், நிறைய அனுப்பலாம், ஒரே இடத்தை அடிக்கடி பார்க்கலாம். 2025 ஜூலை 30-ல் ஏவப்பட்ட நாசா-இஸ்ரோவின் நிசார் அபாரமான கருவிதான். ஆனால் 12 நாளில் இரண்டு முறைதான் ஒரு இடத்தைப் படம் எடுக்கும். முல்லையாற்று வெள்ளம் அதுவரை காத்திருக்குமா? ஒரு ராத்திரியில் வந்து வடிந்துவிடும். தனி வயல் சேதம் என்றால் பயிர்க் காப்பீட்டில் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாகணும். தண்ணீர் வடிந்த பிறகு விவசாயி எதைக் காட்டுவார்?

ரேடாருக்கும் கண் தெரியாத இடம் உண்டு. குரங்கணி மாதிரி செங்குத்துச் சரிவுகளில் மலையே மறைத்துக்கொள்ளும். பள்ளத்தாக்கின் தரைப்பகுதியில் அந்தச் சிக்கல் குறைவு.

நெல் பரப்பைக் கணக்கிடக் காசு கொடுத்துப் படம் வாங்கத் தேவையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1, நிசார் இரண்டின் தரவும் இலவசம். வெள்ள நாட்களுக்கு மட்டும் குட்டி செயற்கைக்கோள் நிறுவனங்களோடு அரசு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைக்கணும். வரும் படம் சென்னையில் ஏதோ ஒரு சர்வரில் தூங்காமல், அந்த 72 மணி நேரத்துக்குள் உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு வந்து சேரணும்.