அந்தியேட்டிக்குப் பிறகு



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு செத்தவீடு என்றால் கதிரை அடுக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் கேட்காமலே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால், போனவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்று தெரிந்தால், வந்தவர்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. "என்ன பிரச்சினையாம்?" என்ற கேள்வி மட்டும் மாடி மாடியாக ஏறி இறங்குகிறது.

அதற்குள் அந்தக் குடும்பம் பொலிசுக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் பதில் சொல்லிக் களைத்திருக்கும். அழ முதலே வாக்குமூலம்! விசாரிப்பது அவர்கள் கடமை. நமக்கு அந்த உத்தியோகத்தை யாரும் தரவில்லை.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை இலங்கை 1998இல் நீக்கிவிட்டது. இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி, 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இல்லை. சட்டமும் திருச்சபையும் இறங்கி வந்தபிறகும் ஊர்வாய் இறங்கவில்லை.

"அன்றைக்கு அவன்ர கோலை எடுத்திருந்தால்..." இழந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஓர் உயிர் ஒரேயொரு காரணத்தால் போவதில்லை. எடுக்காத ஒரு கோல் அந்தப் பாரம் முழுவதையும் சுமக்க முடியாது. இதை ஒருமுறை சொன்னால் அவர்களுக்கு ஆறாது. அலுக்காமல் சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும். போனவர்மேல் கோபம் வந்தாலும் அது பாவமல்ல. அதுவும் துக்கம்தான். வீட்டுப் பிள்ளைகளுக்கு "ஹார்ட் அட்டாக்" என்று கதை கட்டாதீர்கள். எப்படியும் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதே நல்லது.

31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் வீடு வெறிச்சோடும். உண்மையில் நாம் போகவேண்டியது அப்போதுதான். சாப்பாட்டோடு போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். அந்தப் பெயரை யாரும் உச்சரிக்காமல் விடுவதுதான் அவர்களை அதிகம் நோகச் செய்கிறது.

இழந்தவருக்கே வாழப் பிடிக்காத எண்ணம் வரலாம். அப்படித் தோன்றினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம். இதேபோல 1333 இலக்கத்துக்கும் இலவசமாக அழைக்கலாம். கொழும்பு ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கும் சுமித்ரயோ அமைப்பு, 1974 முதல் மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுத்து வருகிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து பிளாட்டிலோ இப்படியொரு இழப்பு நடந்திருந்தால், இந்த இலக்கங்களை இன்றே ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.

— ஆசிரியர்