பூச்சியை வளர்த்துப் பூச்சியை ஒழிப்பது: நம்ம பருத்திக்கு வருமா?

இலஞ்சியைச் சுற்றி குற்றாலத் தண்ணீரில் விளையும் நெல்லும் தென்னையும்தான் கண்ணில் படும். சங்கரன்கோவில் பக்கம் போனால் கரிசல் மண், பருத்தி. பருத்தி என்றாலே கூடவே வரும் பெயர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

இந்தப் புழு காய்க்குள்ளே போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் மேலே என்ன மருந்து அடித்தும் அதற்குப் படாது. 2002-இல் பி.டி. பருத்தி வந்தபோது கவலை விட்டது என்று நினைத்தோம். சில ஆண்டுகளிலேயே குஜராத்தில் புழு அதையும் தாங்கப் பழகிக்கொண்டது.

அமெரிக்காவிலும் இதே புழுதான். 1917-இல் டெக்சாஸில் தென்பட்டது, 2018-இல் ‘பருத்தி விளையும் பகுதிகளில் இனி இல்லை’ என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. பி.டி. பருத்தியோடு அவர்கள் சேர்த்துக்கொண்டது, மலட்டு அந்துப்பூச்சிகள்.

அதெப்படி? புழுவைத் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் வளர்ப்பார்கள். அந்துப்பூச்சியானதும் கதிர்வீச்சு காட்டுவார்கள். பிறகு குளிரூட்டி, விமானத்திலிருந்து வயல்மேல் தூவுவார்கள். காட்டுப்பூச்சி இவற்றோடு இணைசேரும், ஆனால் வம்சம் விருத்தியாகாது. அரிசோனாவில் மட்டும் 2006 முதல் நான்கு ஆண்டுகளில் சுமார் 200 கோடி பூச்சிகளை விட்டார்கள். எது விட்டது, எது காட்டுப்பூச்சி என்று பொறியில் அடையாளம் தெரிய, தீனியிலேயே சிவப்புச் சாயம் கலந்துவிடுவார்கள்!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்துப்பூச்சி கதிர்வீச்சை நன்றாகவே தாங்கும். முழு மலடாக்கும் அளவுக்குக் கொடுத்தால் பூச்சி சோர்ந்துவிடும், இணையைத் தேடிப் போகாது. அதனால் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. அப்போது சில முட்டைகள் பொரிக்கும், ஆனால் அந்தப் பிள்ளைகள் பெற்றவர்களைவிடப் பெரிய மலடாக இருக்கும்.

‘கதிர்வீச்சா!’ என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்-ரே எடுத்தவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை, பூச்சியிலும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு அனுப்பும் நம்ம மாம்பழமே கதிர்வீச்சு காட்டித்தான் போகிறது.

வசதி நமக்கும் உண்டு. என் சந்தேகம் எல்லாம் நம்பிக்கையைப் பற்றித்தான். 1970-களில் டெல்லிப் பகுதியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மலட்டுக் கொசுக்களை வைத்து ஆய்வு நடத்தின. ‘உயிரியல் போருக்கு ஒத்திகை’ என்று பத்திரிகைகளில் புகார் கிளம்பியது, நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டது, 1975-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். புகாரில் உண்மை எவ்வளவோ, ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். இன்று வாட்ஸ்அப் காலம் வேறு.

இன்னொரு விஷயம், இது தனி விவசாயி கடையில் வாங்கித் தெளிக்கும் சரக்கு இல்லை. பூச்சிக்கு வரப்பு தெரியாது. பக்கத்துக் காட்டில் புழு இருந்தால் உங்கள் காட்டில் விட்டதெல்லாம் வீண். எனவே செலவை அரசுதான் ஏற்க வேண்டும். நாடு முழுக்க ஒரேயடியாக ஆரம்பிக்காமல், மலையும் வேறு பயிரும் சூழ்ந்து தனித்துக் கிடக்கும் ஒரு பருத்திப் பகுதியில் தொடங்கலாம். வேலை ஆரம்பிக்கும் முன்பே கிராம சபையில் பேசிவிட வேண்டும்.

காட்டுப்பூச்சி குறைவாக இருந்தால்தான் இந்த முறை பலிக்கும். அதைக் குறைக்க இப்போதே வழி உண்டு. கடைசிப் பறிப்பு முடிந்ததும், அடுத்த மகசூலுக்கு ஆசைப்படாமல், ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் பருத்திமாரைப் பிடுங்க வேண்டும்.