‘கம்பெனி’ என்று மட்டும் சொல்லும் பிள்ளைகளுக்கு

உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். “கம்பெனிக்குப் போறாரு” என்பார்கள். என்ன கம்பெனி என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் தயங்கித் தயங்கி வரும். ஷூ கம்பெனி என்றால் குரல் ஓரளவு எழும்பும். தோல் ஷாப்பு என்றால் பார்வை தரைக்குப் போய்விடும். அப்பாவின் சட்டையில் அடிக்கும் வாடையைப் பற்றி வகுப்பில் எவராவது எப்போதாவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். ‘கம்பெனி’யோடு நிறுத்திக்கொள்வது என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவு செய்திருக்கும். நானும் ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று “கூலி வேலை சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன்தான்.

புத்தகத் திருவிழா நடக்கும்போதும் கோடை விடுமுறையிலும் காலனியில் பெற்றோர்கள் என்னிடம், பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது பொது அறிவு வினா விடை, முப்பது நாளில் ஆங்கிலம் போன்றவை. நான் படம் போட்ட புத்தகம் வாங்குங்கள் என்றால் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள். படப் புத்தகம் என்றால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு என்ற நினைப்பு. ஒரு புத்தகத்தை முன்வைத்து அந்த நினைப்போடு கொஞ்சம் சண்டை போடவே இதை எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் ‘பானை செய்வோம், பயிர் செய்வோம்’. எழுதியவர் காஞ்சா அய்லய்யா. வாரங்கல் மாவட்டத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து பேராசிரியரானவர். ஆங்கிலத்தில் 2007-இல் நவயானா வெளியிட்டது. தமிழில் சென்னையிலுள்ள துலிகா கொண்டுவந்தது. ஆதிவாசிகள், கால்நடை வளர்ப்போர், தோல் தொழிலாளர், குயவர், உழவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என்று ஒவ்வொருவரின் வேலையையும் எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்குள் இருக்கும் அறிவு என்ன, அது இல்லாவிட்டால் ஊர் எப்படி நின்றிருக்கும் என்று பிள்ளைகளிடம் பேசும் நூல் இது. பரிதாபம் கேட்கிற தொனி அதில் கிடையாது.

ஓவியங்கள் துர்காபாய் வியாம் வரைந்தவை. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பகுதியைச் சேர்ந்த பர்தான் கோண்டு ஆதிவாசிப் பெண். பள்ளிக்கூடம் போகாதவர். வீட்டுச் சுவரிலும் தரையிலும் கோண்டுப் பெண்கள் போடும் திக்னா கோலங்களைச் சிறுவயதில் பாட்டியிடம் கற்று, அந்தக் கையோடு காகிதத்துக்கு வந்தவர். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். படிக்காத பெண் வரைந்த படத்தை வைத்துப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கிறது.

இந்தப் புத்தகத்தை ஒரு மாலைப் படிப்பகத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். தோல் தொழிலாளர் பகுதியைத் திறந்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அது நல்ல சிரிப்பு அல்ல. நான் படித்துக்கொண்டே போனேன். வாசற்படியில் உட்கார்ந்து பேத்திக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

உப்புத் தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பைக் கழற்ற வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழி. மயிர் கழன்று வரும் பக்குவம் கைக்குத் தெரியும். மரத்தின் மேல் போட்டுக் கத்தியால் மயிரைத் தள்ளி, மறுபுறம் சதையை வழித்து, சுண்ணாம்பு போக அலசி, அதன்பின் ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் இறக்க வேண்டும். ஒரே நாளில் கெட்டியான பட்டைத் தண்ணீரில் போட்டால் மேல்பக்கம் மட்டும் இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அதனால் இளசில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கடுக்காய்.

“கடுக்காய் எதுக்கு தாத்தா?” என்று பேத்தி கேட்டாள்.

“கடுக்காத் தண்ணி காட்டலன்னா வெயில் பட்டதும் தோலு செவந்துபூடும்மா.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“பின்ன நாப்பது வருசம் நான் என்னா பண்ணிகினு இருந்தேன்னு நெனச்ச?”

அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. அமிலம், காரம் படித்துவிட்டாள். சுண்ணாம்பு காரம் என்பது அவளுக்குத் தெரியும். ஆவாரம் பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தோடு சேர்ந்துதான் அழுகாத தோல் ஆகிறது என்று நான் ஒரு வரி சேர்த்தேன். அதற்குமேல் பாடம் நடத்த எனக்கு வேலையில்லை. தாத்தாவைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். வெறும் எழுத்தால் ஆன புத்தகமாக இருந்திருந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார். படம்தான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது. படப் புத்தகம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்தப் பெரியவர்.

2006-இல் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இட ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோது டெல்லியிலும் பிற நகரங்களிலும் மருத்துவ மாணவர்கள் அதை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கலாம். தெருவைக் கூட்டினார்கள், வழிப்போக்கர்களின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்கள். எங்கள் கதி இப்படி ஆகிவிடும் என்பது அதன் பொருள். அந்த ஷூக்களில் ஒன்றிரண்டு ஆம்பூரில் தைத்தவையாகவும் இருந்திருக்கலாம். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கே வேலையைப் பற்றி இவ்வளவுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. அய்லய்யாவின் புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. ஆகவே இது காலனிப் பிள்ளைகளுக்கு மட்டுமான புத்தகம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை.

என் தோழர்கள் சிலர் இதில் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள். தொழிலைப் பெருமைப்படுத்தினால் சாதித் தொழிலையே பெருமைப்படுத்தியதாக ஆகாதா? செத்த மாட்டைத் தூக்காதீர்கள் என்றுதானே அண்ணல் அம்பேத்கர் சொன்னார்? நியாயமான கேள்வி. நம் பகுதியில் தோல் ஷாப்புக்குப் போனவர்களில் பெரும்பகுதியினருக்கு அது பாட்டன் சொத்தாக வந்த தொழிலும் அல்ல. நிலம் இல்லாததால் கூலிக்குப் போனவர்கள். பேரப்பிள்ளை டேனரிக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாத்தாவும் விரும்பவில்லை. ஆனால் ஒரு வேலையை விட்டு வெளியேறுவது வேறு, அந்த வேலையைச் செய்த அப்பனை நினைத்துக் கூசுவது வேறு. முதலாவது விடுதலை. இரண்டாவது, சாதி நமக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது.

இந்தப் புத்தகத்தில் ஒரு போதாமை உண்டு. அது பேசுவது கிராமத்துக் கைத்தொழிலின் அறிவை. டிரம் சுழலும் குரோம் டேனரி வேறு உலகம். பாலாறு பட்ட பாட்டையும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததையும் பெரிய பிள்ளைகளுக்கு நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்ததையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பெருமையை மட்டும் சொல்லி இதை மறைத்தால் அது முதலாளிகளின் விளம்பரப் படம் ஆகிவிடும்.

அடுத்தது ‘பீமாயணம்’. துர்காபாய் வியாமும் அவர் கணவர் சுபாஷ் வியாமும் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதிய அம்பேத்கர் வாழ்க்கை. 2011-இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் காலச்சுவடு வெளியீடு. பள்ளியில் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் சிறுவன் பீமுக்குத் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம்தான். அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளைகளுக்கு வண்டி ஓட்ட மறுத்தவன், இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு அவர்களையே ஓட்டச் சொன்னது, பரோடாவில் தங்க இடமின்றித் துரத்தப்பட்டது எல்லாம் அதில் உண்டு. காமிக்ஸ் மாதிரிக் கட்டம் கட்டமாக இருக்காது. திக்னா வளைவுகள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன. பரிவாகப் பேசுகிறவரின் பேச்சு பறவை வடிவில் வரும். தீண்டாமை பேசுகிற வாயிலிருந்து வரும் பேச்சுக்குத் தேளின் வால் இருக்கும். இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு விளக்கினான்.

இரண்டையும் எந்த வரிசையில் கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. நாம் எப்போதும் அவமானத்திலிருந்தே தொடங்குகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் சேதி, உன்னைத் தண்ணீர் குடிக்க விடமாட்டார்கள் என்பதாக இருக்கிறது. அதை அவன் புத்தகம் இல்லாமலே பாதி அறிந்துவைத்திருப்பான். முதலில் தாத்தாவுக்கு என்ன தெரியும் என்பதைக் கொடுங்கள். பிறகு அவரை ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்பதைக் கொடுங்கள். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வரும். வரிசை மாறினால் கூச்சம்தான் வருகிறது.

சின்னக் குழந்தைகளுக்குத் துலிகாவிலேயே இரண்டு உண்டு. சௌம்யா ராஜேந்திரன் எழுதி சாத்விக் கடே வரைந்த அம்பேத்கர் கதை ஒன்று. ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சிறுவனாக பீமைக் காட்டும் புத்தகம். மற்றது மகாஸ்வேதா தேவியின் மொய்னா கதை. மிச்சச் சோற்றை நான் ஏன் தின்ன வேண்டும், ஆற்றுக்கு நான் ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டு எல்லோரையும் திணறடிக்கும் சபர் பழங்குடிச் சிறுமி அவள். சத்தம் போட்டுப் படித்துக் காட்ட ஏற்றது. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் பள்ளிகளுக்குக் கொடுத்த சிறு புத்தகங்களும் நல்ல முயற்சிதான். பீரோவில் பூட்டிவைக்காமல் இருந்தால் சரி.

ஆனால் நான் புரட்டிய தமிழ்ப் படப் புத்தகங்கள் எதிலும், காலை இருட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அம்மா கண்ணில் படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கூலிக்கு ஷூ அப்பர் தைக்கும் பெண்ணும் இல்லை. எங்கள் தலைமுறை ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தது. டெக்ஸ் வில்லரின் பூட்ஸும் குதிரைச் சேணமும் தோல் உறையில் தொங்கும் துப்பாக்கியும் பார்த்து வாய்பிளந்தோம். தோல் என்றால் வீரம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதை மூடிவிட்டு அப்பாவின் சட்டையைக் கண்டால் மூக்கைப் பிடித்தோம். இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் எழுதிய தன் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோவைப் பள்ளியில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பிற பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியே இருந்ததைச் சொல்கிறார். ஓர் ஓவியரின் கையில் அந்த ஒரு காட்சி கிடைத்தால் என்ன ஆகும்! நம் பகுதியில் வரைகிற கைகளுக்கும் எழுதுகிற கைகளுக்கும் பஞ்சமில்லை. பேரணாம்பட்டில் அழகிய பெரியவன் இருக்கிறார், லாலாப்பேட்டை சுகிர்தராணி இருக்கிறார். பிள்ளைகளுக்காகவும் எழுதுங்கள் என்று அவர்களிடம் இந்தப் பத்தி வழியாகவே கேட்டுவிடுகிறேன்.

விலை கட்டுப்படியாகாது என்பார்கள். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். ஆனால் நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்ந்தே போகிறது. கிளை நூலகத்துக்குப் போய், இந்தப் புத்தகங்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒருவர் எழுதினால் கிடப்பில் போடலாம், ஒரு தெருவே எழுதினால் மாவட்ட நூலக ஆணைக்குழு யோசிக்கும். கல்லூரி மாணவர்கள் இதை ஒரு சனிக்கிழமை வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு பக்கத்துக் காலனியில் இன்னொரு படிப்பகத்தில் இதே புத்தகத்தைப் படிக்கப் போகிறோம். தாத்தாவும் வருகிறார். ஆவாரம் பட்டையும் நாலு கடுக்காயும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பேத்திதான் ஞாபகப்படுத்த வேண்டும்.