பழைய எண், புது எண்

அப்பா எடுத்த புகைப்படங்களை ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பது அண்ணன் மகளுக்குக் கல்லூரியில் கிடைத்த அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிய புதிதில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். இப்போது அந்த மடிக்கணினியில் லினக்ஸைப் பயன்படுத்துவது அவள் தம்பி.

டிஸ்கைச் செருகியதும் தானாகவே மவுண்ட் ஆயிற்று. படங்கள் எல்லாம் தெரிந்தன. தன்னிடம் இருந்த கல்யாணப் படங்களை அதில் போடப் போனான். அனுமதி இல்லை என்றது. "சித்தப்பா, இது அக்கா டிஸ்க்னு காட்டுது" என்றான். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர்! வெளியூரில் வேலை பார்க்கும் அவள் இந்த டிஸ்கைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நம் ஊர் வாசல்களில் பழைய எண், புது எண் என்று இரண்டு எழுதியிருக்கும். ஒரே எண் இரண்டு வீட்டைக் காட்டும். இங்கே நடந்ததும் அதுதான். எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில், ஒவ்வொரு கோப்போடும் உரிமையாளரின் எண்தான் (யுஐடி) பதிவாகிறது, பெயர் அல்ல. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் முதலில் திறக்கும் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. என் கணினியில் 1000 நான். அங்கே 1000 அவள், தம்பி 1001. டிஸ்க் சுமந்து வந்த எண்ணுக்கு அந்தக் கணினி தனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னது.

பென் டிரைவில் இந்தச் சிக்கல் வராது. அதில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் உரிமையாளரைக் குறித்து வைக்க இடமே கிடையாது; யார் கணக்கில் செருகுகிறோமோ அவருக்கே உரிமை. மவுண்ட் செய்யும்போது யுஐடி, யுமாஸ்க் கொடுத்து அதை மாற்றலாம். எக்ஸ்ட்4 அப்படி யுஐடி கொடுப்பதை ஏற்காது. டிஸ்குக்குள்ளேயேதான் திருத்த வேண்டும்.

"777 போட்டுடட்டுமா சித்தப்பா?" என்றான். வேண்டாம் என்றேன். 777 என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். அவன் கேட்டது தன் படங்களைப் போட ஓர் இடம். அதற்காக அப்பாவின் படங்களை ஏன் திறந்துவிட வேண்டும்?

அப்பாவின் படங்கள் இருந்த ஃபோல்டரைத் தொடவில்லை. பக்கத்தில் 'குடும்பம்' என்று ஒன்று புதிதாக உருவாக்கினோம். டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் 'யூசர்ஸ்' குழுவின் எண் 100; இரண்டு கணினியிலும் அது மாறாது. அவனை அந்தக் குழுவில் சேர்த்து, புது ஃபோல்டரை அதன் பெயருக்கு மாற்றி, 2775 அனுமதி கொடுத்தேன். முதலில் உள்ள 2, இனி அதில் போடும் கோப்புகளையும் அதே குழுவுக்கு உரியதாக்கும். அவற்றைக் குழுவில் எல்லோரும் திருத்தும்படி செட்ஃபேக்ல் கட்டளையால் அமைத்தேன். அவன் ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப நுழைந்ததும் படங்கள் ஏறின.

ஆனால் அவன் அக்கா கணக்கில் யார் நுழைந்தாலும் அப்பாவின் படங்களை அழிக்க முடியும். அங்கே 1000 அவள்தானே. அனுமதி எண்கள் கைத்தவறைத் தடுக்கும், தொலைவதைத் தடுக்காது. அதனால் கிளம்பும் முன் அப்பாவின் படங்களை இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து அண்ணனின் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.