ஒரே திடலைச் சுற்றினால் போதுமா?

2000ஆம் ஆண்டில் சபா மாநிலத்தில் ‘ஈக்கோ சேலஞ்ச்’ என்னும் சாகசப் பந்தயம் நடைபெற்றது. பல நாடுகளிலிருந்து வந்த 300க்கும் மேற்பட்டோர், ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் குழுக்களாகக் களமிறங்கினர். அவர்கள் காட்டில் நடந்தனர், கரடுமுரடான பாதையில் மிதிவண்டி ஓட்டினர், ஆற்றில் நீந்தினர், கடலில் துடுப்பு வலித்தனர், குகைகளுக்குள்ளும் புகுந்து சென்றனர். இரவு பகலாகப் பல நாள் நீடித்த அப்பந்தயத்தில், வேகமாக ஓட மட்டுமே தெரிந்த ஒருவர் என்ன செய்திருப்பார்?

இந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும். நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் குறுக்கோட்டப் போட்டி நடைபெறுகிறது. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் மாணவர் பலர் திடலைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்குகின்றனர். சில நாள்களிலேயே சிலருக்கு முழங்காலிலும் அதற்குக் கீழேயும் வலி எடுக்கிறது. “எனக்கு ஓட்டம் ஒத்துவராது,” என்று அவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். குறை அவர்களிடம் இல்லை. பயிற்சி முறையில்தான் உள்ளது. களைப்பைத் தாங்கும் ஆற்றலைப் பெற, பலவகைப் பயிற்சிகளைச் சிறிது சிறிதாக, இடைவிடாமல் செய்வதே சிறந்த வழி என்பது என் கருத்து.

முதலாவதாக, ஓடினாலும் நீந்தினாலும் மிதிவண்டி ஓட்டினாலும் இதயமும் நுரையீரலும் பயிற்சி பெறுகின்றன. ஆனால், கால்கள் தாங்கும் சுமை வேறுபடுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைவிட அதிகமான விசை காலில் இறங்குகிறது. நீந்தும்போதோ நீர் நம் உடலைத் தாங்கிக்கொள்கிறது. மேலும், மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புகளும் தசைநாண்களும் வலுப்பெற அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். எனவே, பயிற்சிகளை மாற்றிச் செய்தால், கால்கள் ஓய்வு பெறும் நாளிலும் இதயம் வலுப்பெறும்.

இரண்டாவதாக, சாகசப் பந்தயத்தில் குழுவினர் அனைவரும் ஒன்றாகவே இறுதிக்கோட்டைக் கடக்க வேண்டும். ஒருவர் துடுப்பு வலிக்க முடியாமல் சோர்ந்தால், மற்ற மூவரின் வேகமும் பயனற்றுப் போகும். பலவகைப் பயிற்சி பெறுபவர் தம் பலவீனத்தை முன்னதாகவே அறிந்து திருத்திக்கொள்வார். பிறர் தளரும்போது கைகொடுக்கவும் அவருக்கு வலிமை இருக்கும்.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்,” என்று சிலர் மறுக்கலாம். 100 மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் வெல்ல விரும்புபவர் அதற்கெனத் தனிப்பயிற்சி செய்யத்தான் வேண்டும். ஆயினும், திறமையான தச்சர் ஒரே மரத்தை வாளால் அறுத்து, உளியால் செதுக்கி, இழைப்புளியால் இழைக்கிறார். கருவிகள் பலவாயினும் நோக்கம் ஒன்றே.

இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் மெதுவோட்டம், ஒரு நாள் நீச்சல் அல்லது மிதிவண்டி, ஒரு நாள் அடுக்குமாடிப் படிகளில் ஏற்றம், ஒரு நாள் கைகளுக்கும் முதுகுக்கும் வலுவூட்டும் பயிற்சி, ஒரு நாள் நண்பர்களுடன் நெடுநடை எனத் தொடங்கலாம். எஞ்சிய ஒரு நாள் ஓய்வுக்குரியது. நம் நாட்டு வெயிலுக்கு அதிகாலையே ஏற்ற நேரம், தண்ணீரையும் மறக்கக்கூடாது.

ஆகவே, பள்ளிகள் போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களை மட்டும் நம்பாமல், ஆண்டு முழுவதும் பலவகைப் பயிற்சிகளுக்கு இடமளிக்க வேண்டும். ஓட்டத்தில் கடைசியாக வரும் மாணவர் நீச்சலிலோ நெடுநடையிலோ முன்னணியில் நிற்கக்கூடும். திடலைச் சுற்றுவதோடு பயிற்சி முடிந்துவிட்டால், அந்தத் திறமையை அவரும் அறியமாட்டார், நாமும் அறியமாட்டோம்.