மிஸஸ் மாக்கின் பெண்கள்

வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "பியூஸ் போய்விட்டது" என்று அறிவித்துவிட்டு, ஆண்பிள்ளை யாராவது வரும் வரையில் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டு நிற்கிறோம். (நான் அப்படித்தான். பியூஸ் போடத் தெரிந்த சகோதரிகள் மன்னிக்க வேண்டும்.) அப்பேர்ப்பட்ட நான், ஆஸ்திரேலியாவிலே மின்சாரப் பொறியியலில் முதன்முதல் டிப்ளமா வாங்கிய பெண்மணியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

புளோரன்ஸ் வயலெட் மெக்கென்ஸி என்பது அவர் பெயர். "மிஸஸ் மாக்" என்றால்தான் சிட்னியில் எல்லோருக்கும் தெரியும். டெக்னிகல் காலேஜில் சேரப் போனபோது, மின்சாரத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்று சொன்னார்களாம். அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. தாமே ஒரு காண்டிராக்டராகி, ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்யும் வேலையைப் பிடித்து, அந்த ஒப்பந்தத்தையே கொண்டுபோய்க் காட்டினார். இடம் கிடைத்தது! 1923-ல் டிப்ளமாவும் கிடைத்தது. அதற்குள் சிட்னி ராயல் ஆர்க்கேடில் ரேடியோக் கடையும் வைத்துவிட்டார். அங்கே சாமான் வாங்க வந்த பள்ளிக்கூடப் பையன்கள் மூலம்தான் மோர்ஸ் தந்திப் பாஷை அவருக்குப் பழக்கமாயிற்று.

1938-ல் மியூனிக் உடன்படிக்கை ஆனதும், 'அப்பாடா, சண்டை வராது' என்று உலகம் பெருமூச்சு விட்டது. அப்போதே தாம் யுத்தத்துக்குத் தயார் செய்யத் தொடங்கியதாக மிஸஸ் மாக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1939-ல் பெண்களுக்கென்று ஓர் அவசரகாலத் தந்திப் படையை ஆரம்பித்து, கிளாரன்ஸ் தெருவில் ஒரு கட்டிடத்தில் வகுப்பு நடத்தினார். சம்பளம் என்று ஒருவரிடமும் வாங்கவில்லை.

மோர்ஸ் கற்பது சங்கீதம் கற்பது மாதிரி. புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருந்தால் பிடிபடாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு தாளக்கட்டாகக் காதில் விழ வேண்டும். விழுந்தவுடன் கை தானாக எழுத வேண்டும். அதிலும் யுத்தச் செய்திகள் சங்கேதத்தில் வரும். அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்கள்! விட்டுப்போன எழுத்தை ஊகித்து நிரப்ப வழியே கிடையாது. மணிக்கணக்கில், இரைச்சலுக்கு நடுவே, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

யுத்தம் மூண்டபோது, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேர்ந்த பெண்கள் சுமார் 120 பேர் தயாராக இருந்தார்கள். கடற்படைக்கோ தந்தி ஆட்கள் போதவில்லை. "என் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று 1940-ல் மந்திரிக்கு எழுதினார் மிஸஸ் மாக். பெண்களாவது, கடற்படையாவது! விஷயம் லேசில் நகரவில்லை. கடைசியில், 1941 ஆரம்பத்தில், தந்திப் பிரிவின் தலைவரான நியூமன் நேரில் வந்து பெண்களைச் சோதித்துப் பார்த்தார். அவர்களுடைய திறமையைக் கண்டு திருப்தியோடு சிபாரிசும் செய்தார். அப்புறமும் மேலிடம் தயங்கியது. "உங்களுக்கு வேண்டாமென்றால் சொல்லுங்கள், விமானப் படைக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் மிஸஸ் மாக். உத்தரவு பிறந்தது!

ஆனால் கூடவே மந்திரி ஒரு நிபந்தனையும் போட்டார். சம்பிரதாயத்தை மீறிய இந்தக் காரியத்துக்கு விளம்பரம் எதுவும் கூடாதாம். அவசரத்துக்கு விருந்தாளியைக் கொல்லைப்புறக் கதவு வழியாக அழைத்துக்கொள்வதுபோல அல்லவா இருக்கிறது!

1941 ஏப்ரல் கடைசியில் பதினான்கு பெண்கள் கான்பெர்ராவுக்கு ரெயிலேறினார்கள். பன்னிரண்டு பேர் தந்திக்கு, இரண்டு பேர் சமையல் முதலிய உபகாரங்களுக்கு. கடற்படை உடுப்பு இன்னும் அவர்களுக்குக் கிடையாது. மிஸஸ் மாக்கின் பச்சை நிற யூனிபாரத்தோடேயே போனார்கள். வழித்துணையாக அவரும் போனார், பெண்ணைப் புக்ககத்தில் கொண்டுவிடும் தாயாரைப் போல. அவர்கள் போய்ச் சேர்ந்த நிலையத்தின் பெயர் ஹார்மன். ஹார்வி, நியூமன் என்ற இரு அதிகாரிகளின் பெயர்களை ஒட்டவைத்துச் செய்த பெயர் அது.

பதினான்கு பேரோடு தொடங்கிய கடற்படைப் பெண்கள் பிரிவில், யுத்தம் முடிவதற்குள் 2,600-க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். கிளாரன்ஸ் தெருவில் பயின்ற பெண்கள் ஏறக்குறைய 3,000 பேர். இதில் வேடிக்கை, ஆண்களின் வேலையைப் பெண்கள் ஏற்கட்டும் என்று ஆரம்பித்த பள்ளிக்கு ஆண்களே வந்து கற்க ஆரம்பித்தார்கள். நம் சகோதரிகள் அவர்களுக்கு உபாத்தியாயினிகள்! அப்படித் தேறிய வீரர்கள் ஆயிரக்கணக்கில்.

இவ்வளவும் செய்தவரை இருபத்து நான்கு மணி நேரமும் இயந்திரத்தோடு மல்லாடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சார அடுப்பில் சமைப்பதற்கென்று 1936-ல் ஒரு சமையல் புத்தகம் எழுதியவரும் இவர்தான். அது பல பதிப்புகள் ஓடியது. குழந்தைகளுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒரு கதைப் புத்தகமும் எழுதினார். ஐன்ஸ்டீனுடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா?

யுத்தம் முடிந்த பிறகும் பல வருஷங்கள் அவர் பள்ளியை மூடவில்லை. தந்திச் சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்காத கப்பல் சிப்பந்திகளும் விமானிகளும் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். 1950-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஓ.பி.இ. விருது வந்தது. மிஸஸ் மாக் 1982-ல் சிட்னியில் காலமானார். அவர் கைப்பட வார்த்தெடுத்த தந்திப் பெண்களில் பலர் அப்போது பேரன் பேத்தி எடுத்திருந்தார்கள்.