கம்பெனி பஸ்சின் வேகக் கணக்கு எங்கே?

காலை மணி ஆறரை.

பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு புளிய மரம். மரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள். கையில் டிபன் டப்பா. தோளில் ஒரு பை. எல்லோர் கண்ணும் ரோட்டின் வளைவிலேயே இருக்கிறது.

அதோ, கம்பெனி பஸ் வந்துவிட்டது!

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. இங்கே தைக்கும் ஷூ கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. தைக்கும் கைகளில் பெரும் பகுதி பெண்களின் கைகள். விடிந்தும் விடியாமலும் கிராமத்துக்குக் கிராமம் பஸ்சும் வேனும் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன.

அந்த மரத்தடியில் ஒரு நாள் நின்று பேச்சுக் கொடுத்தேன். ஒரு அம்மாள் சொன்னார்:

"பஸ் கிளம்பினதும் நான் கண்ணை மூடிக்குவேன் சார். தூக்கத்துல இல்ல. பயத்துல!"

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "போன வாரம் டிரைவர் அண்ணன்கிட்ட, 'அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க'ன்னு சொன்னேன். 'ஏம்மா, கேட்டு மூடிட்டா உன் சம்பளம்தானே போகும்?'னு கேட்டாரு. நான் என்ன பதில் சொல்றது?"

பதில் சொல்ல முடியாத கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சட்டத்திலே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இதைப் பாருங்கள். சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டியைப் போலீசார் கருவி வைத்துப் பிடிக்கிறார்கள். அபராதம் போடுகிறார்கள். செய்தி யாருக்குப் போகிறது? வண்டியின் சொந்தக்காரருக்கு! அவருடைய செல்போனில் 'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த வண்டிக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஆண்டு அந்த பஸ் எத்தனை தடவை பிடிபட்டது? இரண்டு தடவையா, இருபது தடவையா? அதுவும் தெரியாது.

தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒரு ஷில்லிங் அபராதம்

மோட்டார் வண்டி புதிதாக வந்த காலத்தில், 1896-ம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தில் வால்டர் அர்னால்டு என்பவர் ஒரு கிராமத்து வழியாகக் காரில் போனார். அப்போது அங்கே ஊருக்குள் மணிக்கு 2 மைல் வேகம்தான் போகலாம். நாம் நடப்பதைவிட மெதுவு! அவரோ 8 மைல் வேகத்தில் போனார். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திக்கொண்டு போய் அவரைப் பிடித்தார். வேகத்துக்காகக் கோர்ட்டு போட்ட அபராதம் ஒரு ஷில்லிங். வேகமாகப் போனதற்காகத் தண்டனை பெற்ற முதல் மோட்டார்காரர் அவர்தான் என்று சொல்வார்கள்.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் யோசித்துப் பாருங்கள். 130 ஆண்டுக்கு முன்பு எங்கேயோ ஒரு ஊரில் ஒருவர் கட்டிய ஒரு ஷில்லிங் கணக்கு இன்று நமக்குத் தெரிகிறது. காரணம், வழக்கு நாலு பேர் அறியக் கோர்ட்டில் நடந்தது. நேற்றுக் காலை பள்ளிகொண்டாவில் பிடிபட்ட பஸ்சின் கணக்கு, அதே பஸ்சில் இன்று ஏறுகிறவருக்குத் தெரிவதில்லை!

"ஏன், இணையதளத்தில் பார்க்கலாமே?" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் வண்டி நம்பரை மட்டும் போட்டால் போதாது. என்ஜின் எண்ணோ சேசிஸ் எண்ணோ, அதன் கடைசி எழுத்துகளையும் கேட்கும். அதற்காக டிபன் டப்பாவை வைத்துவிட்டு பஸ்சுக்கு அடியில் படுக்க முடியுமா?

டிரைவர் மட்டும்தானா?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதில் 183-வது பிரிவு வேகத்தைப் பற்றியது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். கார் போன்ற சிறிய வண்டிக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். பஸ், லாரிக்கு 2,000 முதல் 4,000 வரை. திரும்பவும் பிடிபட்டால் டிரைவரின் லைசென்சையே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இது பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாத விஷயம் இரண்டு அதே பிரிவில் இருக்கிறது.

வண்டி ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி அல்ல. தன்னிடம் வேலை செய்கிறவரை அப்படி ஓட்ட வைத்தவரும் குற்றவாளிதான். அது மட்டுமா? "இத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்" என்று ஒருவர் நேரம் குறித்துக் கொடுக்கிறார். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் வந்து சேரவே முடியாது என்று கோர்ட்டு கருதுகிறது. அப்படியானால், நேரம் குறித்த அந்தக் காகிதமே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல் சாட்சி ஆகிவிடும்!

டிரைவர் அண்ணன் சொன்ன 'கேட்டு மூடும் நேரம்' இருக்கிறதே, சட்டம் அதையும் தொடுகிறது. ஆறு ஊர் சுற்றி, ஒவ்வோர் ஊரிலும் நின்று, இத்தனை மணிக்குள் வந்து சேர் என்றால், அந்த நேரத்தை எழுதியவரும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

டிரைவருக்கும் இதே பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. "வேகமாகப் போனான் என்று எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதாது. கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். அந்தக் கருவி சரியானதுதான் என்று ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய சர்க்கார் விதி போட்டது. கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். 2024 செப்டம்பரில், இந்தக் கேமரா விதிகளை நிறைவேற்றுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது.

விதிக்குக் குறைவில்லை. விதிப்படி நடந்த காரியத்தின் கணக்கைத்தான் நாம் கேட்கிறோம்.

செத்த பிறகு வரும் காகிதம்

2023 பிப்ரவரி கடைசியில் வாணியம்பாடி அருகே மூன்று பள்ளி மாணவர்கள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில்கூட அல்ல, பக்கத்து சர்வீஸ் ரோட்டில். தறிகெட்டு வந்த ஒரு கார் மோதியது. மூன்று பேரும் பிழைக்கவில்லை. அதே ஆண்டு தீபாவளிக்கு முந்திய நாள் விடியற்காலையில், அதே வாணியம்பாடி அருகே அரசு பஸ்சும் ஆம்னி பஸ்சும் நேருக்கு நேர் மோதின. அங்கேயும் உயிர்கள் போயின.

நாடு முழுவதும் 2022-ல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வேகத்தால் வந்த சாவு என்று மத்திய சர்க்காரின் அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 17,884 பேர்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ், ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும். "அம்மா!" என்று அலறி முடிப்பதற்குள் ஒரு தெருவே கடந்துவிடும்.

விபத்து நடந்துவிட்டால் காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. ஆக, பஸ் கவிழ்ந்தால் மறுநாள் உலகமே படிக்கலாம். கவிழ்வதற்கு முன்பு அது பத்துத் தடவை பிடிபட்டிருந்தால் அது ரகசியம்! இது என்ன நியாயம்?

பிள்ளைகளின் பஸ்சைப் பாருங்கள். 2012 ஜூலையில், சென்னையை அடுத்த சேலையூரில் உள்ள ஒரு பள்ளியின் பஸ்சில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழ்நாடே பதறியது. ஐகோர்ட்டு தலையிட்டது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். பத்திரிகையில் படம் வருகிறது. மகள் போகும் பஸ்சுக்கு இவ்வளவு பார்வை. தாய் போகும் பஸ்சுக்கு?

கேட்டில் ஒரு பலகை

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனி கேட்டில் ஒரு பலகை. அதில் வண்டி நம்பர், இந்த ஆண்டு வேகத்துக்காகப் பிடிபட்ட தடவை, கட்டிய அபராதம். மாதம் ஒரு முறை எழுதினால் போதும். போலீஸ் நிலையத்திலும், எந்த ரோட்டில் எத்தனை வழக்கு என்று ஒரு கணக்கு ஒட்டலாம்.

"டிரைவர் மானம் போகாதா?" என்று கேட்கலாம். டிரைவர் பெயர் எதற்கு? பஸ் நம்பர் போதும். அவருடைய வீட்டு விலாசமும் கடனும் நமக்கு வேண்டாம். கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டி ஒருவருடைய படுக்கை அறை அல்லவே!

போலீசாருக்கும் இது நல்லது. "கையில் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்" என்று டீக்கடையில் பேசுகிறார்களே, கணக்கு வெளியே வந்தால் அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நேர்மையான இன்ஸ்பெக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

பலகை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. (தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் வந்தது, இதில் நாம்தான் முன்னோடி.) விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அதிகாரி அதை எழுத உதவி செய்ய வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல் அதிகாரிக்கு அப்பீல் போடலாம்.

தனி மனிதர் விவரம் கேட்டால் மறுப்பார்கள். அதனால் எண்ணிக்கையைக் கேளுங்கள். பேரணாம்பட்டு-ஆம்பூர் ரோட்டில் ஆறு மாதத்தில் வேகத்துக்காக எத்தனை வழக்கு? அதில் பஸ், வேன் எத்தனை? அளந்த கருவிக்குச் சான்று புதுப்பித்த தேதி என்ன?

ஒன்று மறக்க வேண்டாம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். பஸ் காலையில் இரண்டு மாவட்டம் ஓடுகிறது. விண்ணப்பமும் இரண்டு போலீஸ் சூப்பிரண்டு அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

இதையெல்லாம் புளிய மரத்தடியில் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்ளும் அந்த அம்மாள் கணக்குப் போட்டார்.

"ரெண்டு ஆபீசுக்கும் சேர்த்து இருபது ரூபா. ஆளுக்கு ரெண்டு ரூபா போட்டாக்கூட மிஞ்சும். எம்பொண்ணு பத்தாவது படிக்கிறா, அவ எழுதுவா. நீங்க அந்த மூணு கேள்வியை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். அதற்குள் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.